வெறும் தண்ணீர்

28 ஏப்ரல் 2020, செவ்வாய்

வெப்பம் 98.1. இருமல் இல்லை. மூச்சுத் திணறல் இல்லை. சந்தித்தவர்கள்: பேச்சியம்மாள் மேடம், பெனாசிர், இசக்கியண்ணன்.

கேட்டது இவ்வளவுதான். பரிசோதனைப் பணியில் சேரும் ஒவ்வொருவரும் தினமும் வெப்பம், அறிகுறி, சந்தித்தவர் பெயர் மூன்றையும் ஒரு நோட்டில் குறிக்க வேண்டுமாம். நமக்கு நோய் வந்தால் நோட்டைப் புரட்டி மற்றவர்களைப் பிடிப்பார்கள். இருநூறு பக்க நோட்டில் தினம் மூன்று வரி எழுதினால் மீதி வீண். அதனால் எழுதுகிறேன். மற்றபடி டைரி எழுதுகிற ஆள் இல்லை நான்.

இன்றைய வேலை: ஆழ்குளிர்ப் பெட்டியிலிருந்து இறால் மாதிரிகள் எல்லாவற்றையும் வெளியேற்றினோம். கோவிட் மாதிரிகளுக்கு இடம் வேண்டும். வெளியேறியதில் பாதி என்னுடையது. மூன்று வருடம் பண்ணை பண்ணையாக அலைந்து சேர்த்த வெள்ளைப்புள்ளி நோய் இறால்கள், என் முனைவர் பட்டம் மொத்தமும். பழைய ஃப்ரீசருக்கு மாற்றியிருக்கிறோம். எத்தனை நாள் தாங்கும் என்று மேடத்திடம் கேட்டேன். "தாங்குற வரைக்கும் தாங்கட்டும்ப்பா" என்றார். பேராசிரியை சொல்லும் பதிலா இது?

இந்த மாவட்டத்தில் சும்மா கிடக்கிற பிசிஆர் இயந்திரம் மீன்வளக் கல்லூரியின் இறால் நோய் ஆய்வகத்தில் மட்டும்தான் இருக்கிறது. இங்கே ஓட்டாவிட்டால் மாதிரிகள் நூற்றைம்பது கிலோமீட்டர் போக வேண்டும். முடிவு வர நாலு நாள். எனவே கலெக்டர் ஆபீசிலிருந்து போன் வந்தது, மேடம் சரி என்றார், இறாலுக்குப் பார்த்தவர்கள் மனிதனுக்குப் பார்க்கப் போகிறோம்.

பெனாசிர் என்னோடு சேர்ந்த ஆராய்ச்சி மாணவி. காயல்பட்டினம். ஒரு விஷயத்தை மூன்று முறை சரிபார்ப்பாள், அதற்குள் நான் வேலையை முடித்துவிடுவேன். இசக்கியண்ணன் ஆய்வக உதவியாளர். பதினெட்டு வருடமாகத் தொட்டி கழுவுகிறார், குழாய் கழுவுகிறார், கண்ணில் பட்ட எல்லாவற்றின் மீதும் பிளீச் ஊற்றுகிறார்.

3 மே, ஞாயிறு

98.0. அறிகுறி இல்லை. சந்தித்தவர்கள்: அதே மூவர்.

முதல் தட்டு ஓட்டினோம். தொண்ணூற்றாறு குழி, குழிக்கு ஒரு மூடிய குட்டிக் குழாய். பாதுகாப்பு உடை என்று வந்தது டூவீலர் ரெயின்கோட். முகமூடித் தகடு, பழைய வகுப்பறை ஓஎச்பி தாளில் இயற்பியல் துறைப் பையன்கள் வெட்டிக் கொடுத்தது. மூச்சு விட்டால் பனி மூடுகிறது. உள்ளே போனால் நாலு மணி நேரம் தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது.

இந்த நோட்டைப் பின்னால் யாராவது படித்தால் புரிவதற்காக ஒரு முறை எழுதிவைக்கிறேன். இயந்திரம் மாதிரியில் இருக்கும் வைரஸ் துண்டை இரண்டாக்கும், நாலாக்கும், எட்டாக்கும். இப்படி நாற்பது சுற்று. இருபதாவது சுற்றிலேயே திரையில் கோடு ஏறினால் வைரஸ் நிறைய. முப்பத்தைந்தில் ஏறினால் துளியூண்டு. முப்பத்தேழுக்குள் ஏறினால் பாசிட்டிவ், அதற்கு மேல் கணக்கில்லை. ஒவ்வொரு தட்டிலும் இரண்டு குழி நமக்காக. ஒன்றில், கிட் என்கிற சோதனை மருந்துப் பெட்டியோடு வரும் பாசிட்டிவ் கன்ட்ரோல். அது ஏறியே தீர வேண்டும். மற்றதில் வெறும் தண்ணீர். அது ஏறவே கூடாது. ஏறினால் ஆய்வகத்தில் எங்கோ அசுத்தம், தட்டு மொத்தமும் குப்பை.

இசக்கியண்ணனுக்குக் கோடுகள் எதுவும் புரியாது. தண்ணீர் மட்டும் புரியும். இறால் காலத்திலிருந்தே அப்படி. ஓட்டம் முடிந்ததும் கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்பார்.

"தம்பி, தண்ணி ஏறுச்சா?"

"இல்லண்ணே."

"அப்பம் சரி."

டீ போடப் போய்விடுவார். இன்றும் அப்படித்தான்.

9 மே, சனி

98.2. தொண்டை கரகரப்பு, ஏசியால். சந்தித்தவர்கள்: மூவர், மெஸ்காரர்.

ஒரு நாளைக்கு நூறு மாதிரி என்பது இருநூறாகிவிட்டது. இருநூற்றைம்பது ஆகும் என்கிறார்கள். கிட் இல்லை. துளி அளக்கும் பைப்பெட்டின் முனையில் மாட்டும் டிப் இல்லை. மாநிலம் முழுக்க இதே கதை. எங்களைப் போல மாறிய ஆய்வகங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மொத்தம் நாற்பத்தொரு ஆய்வகம். வாழைக்கு வைரஸ் பார்த்தவர்கள், கோழிக்குப் பார்த்தவர்கள், பட்டுப்புழுக்காரர்கள். ஒருவர் டிப்பைப் பாதி விலைக்கு எங்கே வாங்கலாம் என்கிறார், ஒருவர் பஞ்சுக்குச்சி இல்லாமல் என்ன செய்வது என்கிறார். இதற்கு முன் ஒரே ஊரில் இருந்தும் முகம் பார்க்காத ஆட்கள். இப்போது விடியற்காலையில்கூட பதில் போடுகிறார்கள். அதில் அறிவுள்ள பதில் பாதிக்கு மேல் நான் போட்டது. தற்பெருமை இல்லை, எண்ணிப் பார்த்தேன்.

எங்கள் பிரச்சினை வேறு. கிட்டில் சரக்கு இருக்கிறது, ஆனால் கூட வரும் பாசிட்டிவ் கன்ட்ரோல் குழாய் சுண்டைக்காய் அளவு. சின்னச் சின்னத் தட்டாக ஓட்டுவதால், தட்டுக்கு ஒரு துளி என்று அது முதலில் தீர்ந்துவிடும். அது இல்லாமல் தட்டு செல்லாது. ஆயிரம் பேருக்குப் பார்க்கிற கிட், ஒரு துளி இல்லாததால் சும்மா கிடக்கும்.

12 மே, செவ்வாய்

98.1. சந்தித்தவர்கள்: மூவர்.

தீர்த்துவிட்டேன். யோசிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஓடி முடிந்த பாசிட்டிவ் கன்ட்ரோல் குழாயைக் குப்பையில் போடுகிறோம். அதற்குள் இப்போது என்ன இருக்கிறது? அதே துண்டு, கோடிகோடியாகப் பெருகி. திறந்து, லட்சத்தில் ஒரு பங்காகக் கரைத்தால் புதுக் கன்ட்ரோல். ஒரு குழாயை வைத்துக்கொண்டு வருடம் முழுக்க ஓட்டலாம். ஓட்டிப் பார்த்தேன். இருபத்தாறில் அழகாக ஏறியது.

ஓடிய குழாயைத் திறக்கக் கூடாது என்று கிட்டின் தாளில் போட்டிருக்கிறது. இறாலுக்கு நாங்கள் செய்வது இரண்டு கட்டச் சோதனை. முதல் கட்டம் ஓடிய குழாயைத் திறந்து அதிலிருந்து ஒரு துளி எடுத்துத்தான் இரண்டாம் கட்டத்துக்கே போக முடியும். ஐந்து வருடத்தில் பத்தாயிரம் குழாய் திறந்திருப்பேன். அந்தத் தாளை எழுதியவன் எத்தனை திறந்திருப்பான்?

இறால் குழாயை, ஓடி முடிந்தவற்றுக்கென்று இருக்கும் ஜெல் அறையில் வைத்துத் திறப்போம், திறந்தால் துண்டுகள் பறக்கும் என்று. அது மைதானத்துக்கு அந்தப் பக்கம். ரெயின்கோட்டைக் கழற்றி, குளித்து, அங்கே போய், திரும்ப வந்து மாட்ட முக்கால் மணி நேரம். மாதிரிகள் காத்துக்கிடக்கின்றன. இங்கேயே, கலவை போடும் மேசையில் திறந்தேன்.

இசக்கியண்ணன் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்துவிட்டார்.

"தம்பி, அது ஓடுன குழாயில்லா? அதப் போயி இங்கன வச்சா தொறக்கிய?"

"அந்த விதியெல்லாம் இறாலுக்குண்ணே. இது வேற கிட்."

"வேற கிட்டுன்னா பறக்காதோ?"

"அண்ணே, நீங்க டீயப் பாருங்க."

நான் வெளியே வந்த பிறகு உள்ளே போய் மேசை முழுக்க பிளீச் ஊற்றித் துடைத்திருக்கிறார். ஸ்டீல் துருப்பிடிக்கும் என்று சத்தம் போட்டேன். "துருவத் தேச்சு எடுத்துரலாம்" என்றார். பதிலுக்குப் பதில்.

14 மே, வியாழன்

98.0.

என் முறையைக் குழுவில் போட்டேன். ஏழு வரி, ஒரு படம். கட்டைவிரல்கள் பதினொன்று. கோழிக்காரர் "தம்பி, கையெடுத்துக் கும்பிடறேன். மூணு நாளா மிசினு சும்மா நின்னுச்சு" என்று குரல் பதிவு போட்டிருக்கிறார். மேடம் குழுவில் கைதட்டல் போட்டார். நேரில் ஒன்றும் சொல்லவில்லை.

17 மே, ஞாயிறு

98.3. இருநூற்று எழுபது மாதிரி. தூங்கப் போகிறேன்.

19 மே, செவ்வாய்

98.1. சந்தித்தவர்கள்: மூவர்.

தண்ணீர் 38.4. முப்பத்தேழுக்கு மேல் எதுவும் கணக்கில்லை. பதிவேட்டில் வழக்கம்போல எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பைப்பெட்டைத் துடைத்தேன். புதுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.

பழைய ஃப்ரீசரில் பனிக்கட்டி கட்டியிருக்கிறது. என் இறால் பெட்டி ஒன்று ஈரமாக இருந்தது. எல்லாவற்றையும் நானே பார்க்க முடியாது.

21 மே, வியாழன்

98.4. சந்தித்தவர்கள்: மூவர்.

இரண்டு நாளாகப் பாசிட்டிவ் கூடிவிட்டது. போன வாரம் நூற்றுக்கு மூன்று, இப்போது ஒன்பது. அநேகமாக எல்லாம் முப்பத்தைந்து, முப்பத்தாறில் ஏறுகிறவை. யாருக்கும் அறிகுறி இல்லை. ஊருக்குள் பரவல் தொடங்கிவிட்டது என்று கலெக்டர் ஆபீசில் பரபரப்பு. மேடம் கேட்டார், "எல்லாம் கடைசியில வந்து ஏறுதே, ஏன்ப்பா?" ஆரம்ப நிலை நோயாளிகள் அப்படித்தான் இருப்பார்கள் என்றேன். கட்டுரைகூட ஒன்று அனுப்பினேன்.

வாரம் ஒரு முறை எங்களுக்கும் மாதிரி எடுப்பார்கள். எனக்கு நெகட்டிவ். பெனாசிர், மேடம் நெகட்டிவ். இசக்கியண்ணன் 36.1. கிட் தேடுகிற வைரஸ் மரபணு இரண்டும் ஏறியிருக்கிறது. பாசிட்டிவ்.

அவருக்கு இன்னும் தெரியாது. கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றார்.

"தம்பி, தண்ணி ஏறுச்சா?"

"இல்லண்ணே."

"அப்பம் சரி."

37.6 என்பது ஏறியதாகக் கணக்கில்லை.

22 மே, வெள்ளி

98.4. இசக்கியண்ணனோடு எத்தனை நிமிடம், எவ்வளவு தூரத்தில் இருந்தேன் என்று சுகாதாரத் துறையினர் நோட்டைப் பார்த்துக் கேட்டார்கள். சொன்னேன்.

காலையில் ஆம்புலன்ஸ் கல்லூரி வாசலுக்கே வந்தது. அவர் ரெயின்கோட்டைக் கழற்றி, மடித்து, அலமாரியில் வைத்துவிட்டுத்தான் ஏறினார். "ஒண்ணும் இல்ல தம்பி, பத்து நாளு. காலேஜு லீவுல போற மாதிரி போயிட்டு வாரேன். அந்த மூணாம் நம்பர் தொட்டிக்கு மட்டும் காத்து பம்ப் நிக்காமப் பாத்துக்கிடுங்க."

பெனாசிர் அழுதாள். பத்து நாளில் வரப்போகிறவருக்கு எதற்கு அழுகை?

23 மே, சனி

98.2.

இசக்கியண்ணன் வீட்டுத் தெருவைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். அவர் மனைவி பொன்னுத்தாய் அக்கா வாசலில் இட்லி போட்டு விற்கிறவர். போன் செய்தார். "இறாலு சீக்கையும் மனுசன் சீக்கையும் சேத்து வாங்கியாந்துட்டான்னு தெருவுல பேசுதாவ தம்பி. பைப்படிக்குப் போனா எல்லாம் கொடத்த எடுத்துட்டு ஓடுதாவ. நெசமாவே அவுகளுக்கு இருக்கா?"

இருக்கிறது என்று மிசின் சொல்கிறது என்றேன்.

மூன்றாம் நம்பர் தொட்டியைப் பார்த்தேன். பம்ப் ஓடுகிறது.

26 மே, செவ்வாய்

98.6. இரண்டு முறை பார்த்தேன். 98.6தான்.

இசக்கியண்ணன் வார்டிலிருந்து போன் செய்தார். நாற்பது கட்டில், எல்லோரும் ஒரே ஹாலில். குரல் கல்யாண வீட்டில் இருக்கிற மாதிரி.

"சும்மா படுத்துக் கெடக்க முடியல தம்பி. காய்ச்சலு இல்ல, தும்மலு இல்ல, மூணு வேளையும் சோறு. பக்கத்துக் கட்டில்ல ஒரு பெரியவரு. மூச்சு எளைக்கி. எந்திரிக்க மாட்டாரு. நாந்தான் சுடுதண்ணி எடுத்துக் குடுக்கேன், பாத்ரூம் கூட்டிட்டுப் போறேன். நர்சம்மாவெல்லாம் எட்ட நின்னுல்லா பேசுதாவ, பாவம்."

"நீங்க எதுக்குண்ணே அதெல்லாம் செய்யிறீங்க?"

"எனக்குந்தான் இருக்கே. இருக்கவனுக்கு இருக்கவன் செஞ்சா என்ன?"

மூன்றாம் நம்பர் பம்ப் நிற்கவில்லை என்றேன். அவரே தொடர்ந்தார்.

"டாக்டரம்மா கேட்டாவ. ஒனக்கு ஒண்ணுமே இல்லியே, மறுபடியும் டெஸ்ட் எடுத்துப் பாப்பமான்னு. வேண்டாம்மா, எங்க தம்பி போட்ட டெஸ்ட்டு, தப்பாதுன்னுட்டேன். தண்ணி ஏறாத தட்டு, நான் கேட்டுட்டுத்தான வந்தேன்னேன். சிரிக்காவ."

சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்தேன். அறுபது சதவீதம் இருந்தது.

27 மே, புதன்

தண்ணீர் மட்டும் எட்டுக் குழியில் வைத்து ஓட்டினேன். கிட் வீண்தான். எழுத ஒன்றுமில்லை.

28 மே, வியாழன்

98.5. சந்தித்தவர்கள்: பெனாசிர்.

எனக்கு ஓய்வு நாள். பெனாசிர் தட்டு ஓட்டினாள். மதியம் ஹாஸ்டல் வாசலுக்கே வந்து வேப்பமரத்தடியில் நின்று கூப்பிட்டாள்.

"தண்ணி 35.9ல ஏறியிருக்கு."

"பாட்டில் மாத்து."

"மாத்திட்டேன். திரும்ப ஓட்டினேன். 35.7."

"டிப் பெட்டி..."

"கிளாட்வின், பழைய ஃபைலையெல்லாம் தொறந்து பாத்தேன். பத்தொம்பதாம் தேதி ஃபைல்ல 38.4. இருபத்தொண்ணு, 37.6. நேத்து எட்டுக் குழியில தண்ணி ஓட்டியிருக்கே, அதுல அஞ்சு ஏறியிருக்கு. ரெஜிஸ்டர்ல எல்லா நாளும் 'ஏறவில்லை'ன்னு இருக்கு. கையெழுத்து ஒன்னோடது. எது சரி?"

மிசின் எல்லாவற்றையும் சேமித்து வைக்கும். எனக்குத் தெரியாதா என்ன? அவள் பார்ப்பாள் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

யோசித்துப் பார் என்றேன். இதைச் சொன்னால் ஆய்வகத்தை மூடுவார்கள். ஒரு நாளைக்கு முன்னூறு மாதிரி. எல்லாம் நூற்றைம்பது கிலோமீட்டர் போய்க் கிடக்கும். முடிவு வருவதற்குள் உண்மையான நோயாளி பத்துப் பேருக்குக் கொடுத்துவிடுவான். எது பெரிய தப்பு?

"இசக்கியண்ணன் 36.1" என்றாள். அந்த எண்ணை மட்டும் சொன்னாள்.

பிறகு, "மேடம்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"நான் சொல்றேன். நாளைக்கு."

29 மே, வெள்ளி

98.8. சந்தித்தவர்கள்: யாரும் இல்லை.

30 மே, சனி

98.8.

சொல்வதற்கு முன் உறுதி செய்துகொள்வது முறை. ஈரப் பஞ்சுக்குச்சியால் பதினாறு இடத்தில் துடைத்து எடுத்து ஓட்டினேன். கலவை மேசை: 24. பைப்பெட் கைப்பிடி: 27. ஃப்ரிட்ஜ் கதவு: 29. நாற்காலிக் கை: 31. என் மூக்குக்கண்ணாடியின் காது: 30. கதவுப் பிடி, சுவிட்ச், பேனா, காற்று வரும் ஏசி இலை. எல்லாம் பாசிட்டிவ். ஏசி இலையில் 26.

நோய் இல்லை இது. நான் திறந்த குழாயிலிருந்து பறந்த துண்டுகள். யாரையும் காய்ச்சலில் படுக்க வைக்காது. மாதிரிக் குழாய்க்குள் விழுந்தால் நல்லா இருக்கிறவனை நோயாளி என்று மட்டும் சொல்லும்.

ஒரே ஒரு இடம் சுத்தமாக இருந்தது. வெளிவாசல் பக்கம் இசக்கியண்ணனின் ரெயின்கோட் அலமாரி. பிளீச் வாசனை இன்னும் போகவில்லை.

சாயங்காலம் பொன்னுத்தாய் அக்காவின் போன் மூன்று முறை வந்தது. எடுக்கவில்லை. பிறகு பெனாசிர் அனுப்பிய செய்தி: "இசக்கியண்ணனுக்குக் காய்ச்சல். 102. திங்கட்கிழமை டிஸ்சார்ஜ் ஆக வேண்டியவர்."

31 மே, ஞாயிறு

98.4. சந்தித்தவர்கள்: மேடம்.

மேடம் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வாசலில் ஆறடி தள்ளி நின்றேன். உரக்கப் பேசவேண்டியிருந்தது, எதிர்வீட்டுக்காரர் பால்கனிக்கு வந்து கேட்டார்.

பதினாறு இடத்தின் எண்களையும் படித்தேன். ஏசி இலையில் நிறுத்தச் சொன்னார்.

"நான் கைதட்டுனேன்ப்பா அந்தக் குழுவுல" என்றார். "படிச்சுப் பாக்காம கைதட்டுனேன். நீ எங்க வச்சுத் தொறந்தேன்னு கேக்கல."

"ஜெல் ரூமுக்குப் போக முக்கால் மணி நேரம் ஆகும் மேடம்."

அதற்கு அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். "உங்க இசக்கியண்ணன் வார்டுக்குப் போயி ஒம்பது நாளாச்சு" என்றார்.

உடனே கலெக்டர் ஆபீசுக்குப் போன் போட்டார். அரை மணி நேரத்தில் ஆய்வகம் மூடியாயிற்று. நான் பயந்தபடி உலகம் இடியவில்லை. மாதிரிகளை வேனில் ஏற்றி அனுப்பினார்கள், அவ்வளவுதான். பத்தொன்பதாம் தேதியிலிருந்து கடைசியில் ஏறிய எல்லோருடைய மீதி மாதிரியும் வெளி ஆய்வகத்துக்குப் போகிறது. ஐம்பத்திரண்டு பேர். இசக்கியண்ணனிடமிருந்து வார்டில் புதிதாகவும் ஒன்று எடுக்கிறார்கள்.

3 ஜூன், புதன்

98.2.

முடிவு வந்தது. ஐம்பத்திரண்டில் நாற்பத்தைந்து பேருக்கு நோயே இல்லை.

இசக்கிமுத்து, மே 21 எடுத்த மாதிரி: நெகட்டிவ்.

இசக்கிமுத்து, மே 31 எடுத்த மாதிரி: பாசிட்டிவ். 18.7.

இரண்டையும் ஒரே தாளில், ஒன்றின் கீழ் ஒன்றாக அடித்திருக்கிறார்கள். பக்கத்துக் கட்டில் பெரியவர் வெள்ளிக்கிழமையே இறந்துவிட்டாராம்.

4 ஜூன், வியாழன்

98.2. சந்தித்தவர்கள்: யாரும் இல்லை.

குழுவில் போட்டேன். காலையிலிருந்து எழுதி எழுதி அழித்தேன். 'எதிர்பாராத', 'சூழ்நிலை காரணமாக' என்றெல்லாம் வந்தது. கடைசியில் இதுதான்:

"மே 14 அன்று நான் போட்ட முறை தவறு. யாரும் செய்யாதீர்கள். ஓடிய குழாயைக் கலவை மேசையில் திறந்தேன். எங்கள் ஆய்வகம் முழுக்க அசுத்தம். 19ஆம் தேதியிலிருந்து தண்ணீர் ஏறியது. ஏறவில்லை என்று பதிவேட்டில் எழுதினேன். நாற்பத்தைந்து பேருக்குத் தவறான முடிவு கொடுத்தோம். ஒருவர் அதனால் வார்டுக்குப் போய் அங்கே நோய் வாங்கி, ஆக்ஸிஜனில் இருக்கிறார். அவர் எங்கள் ஆய்வகத்துக்காரர். உங்கள் தண்ணீரைப் பாருங்கள். கிளாட்வின்."

நீல டிக்குகள் முப்பது, முப்பத்தைந்து என்று கூடிக்கொண்டே போயின. யாரும் ஒரு எழுத்து போடவில்லை. இருபது நிமிடம். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் வாழைக்காரர்கள்: "எங்களுக்கு 37.2. திங்கட்கிழமையிலிருந்து."

பிறகு கோழிக்காரர்: "இங்க 36. தண்ணி பாட்டிலு சரியில்லன்னு நெனச்சோம்."

பிறகு பெயர் தெரியாத எண்: "38. நானும் எழுதல."

இன்னொன்று: "உங்க முறைய நாங்க செய்யவே இல்ல. ஆனாலும் ஏறுது. யாருகிட்ட கேக்குறதுன்னு தெரியாம இருந்தோம்."

இருட்டுவதற்குள் ஒன்பது ஆய்வகம். நாற்பத்தொரு ஆய்வகம் ஒரு மாதமாக டிப் விலையைப் பேசியிருக்கிறோம், பஞ்சுக்குச்சியைப் பேசியிருக்கிறோம். தண்ணீரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரியே யாரோ ஒரு தாள் தயாரித்துவிட்டார்கள்: ஒவ்வொரு ஆய்வகமும் தினமும் தண்ணீரின் எண்ணைக் குழுவில் போட வேண்டும், எதுவாக இருந்தாலும். பட்டுப்புழுக்காரர்கள் முதல் எண்ணைப் போட்டார்கள். 36.8.

சிலர் என்னைத் திட்டியும் போட்டிருந்தார்கள். அளவாகத்தான் திட்டியிருந்தார்கள்.

9 ஜூன், செவ்வாய்

98.1. பிளீச். சுவர், தரை, ஏசி, நாற்காலி. கை வெந்துவிட்டது. மேசையில் துரு. தேய்த்து எடுத்துவிடலாம்.

11 ஜூன், வியாழன்

இசக்கியண்ணனுக்கு ஆக்ஸிஜன் நிமிடத்துக்குப் பதினைந்து லிட்டர். நான் செய்ததைப் பொன்னுத்தாய் அக்காவிடம் நேரே சொன்னேன், தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்று. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போய்விட்டார் என்று நினைத்துத் திரும்பினேன். அப்போது தகரத்தில் ஒரு கல் வந்து விழுந்தது.

15 ஜூன், திங்கள்

பத்து லிட்டர்.

18 ஜூன், வியாழன்

நாலு. பெனாசிர்தான் சொன்னாள். என் போனை அங்கே யாரும் எடுப்பதில்லை.

பழைய ஃப்ரீசர் நின்றுபோயிருந்தது. என்றைக்கு நின்றதோ. பெட்டிகளைத் திறந்தபோது நாற்றம் தாங்கவில்லை. பின்பக்கம் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடினேன். இப்போது பிரித்துச் சொல்கிற நிலையில் இல்லை அந்த இறால்கள், எது நோய் வந்தது, எது வராதது.

29 ஜூன், திங்கள்

வெப்பம் 98.2. அறிகுறி இல்லை.

ஆய்வகம் ஒரு வாரமாகத் திரும்ப ஓடுகிறது, பெனாசிர் பொறுப்பில். நான் இயந்திரத்தின் பக்கம் போகக் கூடாது, விசாரணை முடியும் வரை. தொட்டி கழுவுகிறேன். மூன்றாம் நம்பர் பம்ப் ஓடுகிறது.

பத்து மணி வாக்கில் இசக்கியண்ணன் வந்தார். சட்டை தொங்கியது. வாசலிலிருந்து தொட்டி வரை நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

"பெனாசிர் புள்ள சொல்லிச்சு. நீ வாயத் தொறந்து சொல்லு."

இத்தனை வருடத்தில் என்னை அவர் நீ என்று சொன்னதில்லை.

சொன்னேன். குழாய், மேசை, 38.4, பதிவேடு, 36.1, எல்லாம். இருபத்தொன்றாம் தேதி இல்லண்ணே என்று சொன்னதையும் சொன்னேன். வியாழக்கிழமை தெரிந்து ஞாயிற்றுக்கிழமை வரை சும்மா இருந்ததையும்.

"நான் கேட்டம்லா?" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும், "கண்ணாடிக்கு வெளிய நின்னு கேட்டம்லா, லேய்?"

"கேட்டீங்க."

"வார்டுல அத்தன பேருகிட்டயும் சொன்னேன், எங்க தம்பி போட்டா தப்பாதுன்னு. அந்தப் பெரியவருகிட்டயும் சொன்னேன்."

மன்னிப்புக் கேட்டேன். அதைக் கையால் தள்ளிவிட்டார், ஈயை ஓட்டுகிற மாதிரி.

"அத வச்சு நான் என்ன செய்ய? எனக்குக் காயிதம் வேணும். மே மாசம் நான் சீக்கு கொண்டாரலன்னு எழுதி, நீ கையெழுத்துப் போட்டுக் குடு. தெருவுல காட்டணும். எம் பொண்டாட்டி ஒரு மாசமா இட்லி போடல."

"அது விசாரணையில..."

"ஒனக்கு என்னமும் ஆவட்டும். எழுது."

எழுதினேன். 'தவறு என்னுடையது' என்ற வரியில் பேனா நிற்கவில்லை. எழுதியதை அவர் இரண்டு முறை படித்தார். பிறகு, "அந்த ரெஜிஸ்டரக் கொண்டா" என்றார்.

மேடத்திடம் கேட்டு வாங்கி வந்தேன். ஆய்வகப் பதிவேட்டில் அழிக்கக் கூடாது, ஒயிட்னர் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. தப்பு என்றால் நடுவில் ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது படிக்கிற மாதிரி. பக்கத்தில் சரியானது, தேதி, கையெழுத்து, சாட்சி. முதல் வருடம் சேருகிறவனுக்கு முதல் நாள் சொல்லித் தருவது. மே 19. 'ஏறவில்லை' மீது கோடு. 38.4. மே 20, மே 21, அப்படியே இருபத்தேழு வரை. ஒன்பது கோடு. இசக்கிமுத்து என்ற வரிசையில் 'பாசிட்டிவ்' மீது ஒரு கோடு.

சாட்சிக் கட்டத்தில் எப்போதும் பெனாசிரோ மேடமோ போடுவார்கள். அவர் பேனாவை என் கையிலிருந்து வாங்கி, ஒவ்வொரு கோட்டுக்கும் நேராகத் தன் பெயரை முழுசாக எழுதினார். பத்து முறை. நடுவில் மூச்சுக்காக நிறுத்தி நிறுத்தி.

முடித்துவிட்டுக் கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தார்.

"இன்னிக்குத் தட்டு ஓடிருச்சா?"

"ஓடிருச்சுண்ணே."

"தண்ணி ஏறுச்சா?"

"நான் அந்தப் பக்கம் போகக் கூடாதுண்ணே. பெனாசிர்..."

"வெளிய நின்னு பாரு. நான் அப்படித்தான பாத்தேன்."

கண்ணாடிக்கு வெளியே போய் நின்றேன். பெனாசிர் திரையை என் பக்கம் திருப்பினாள். நாற்பது சுற்றும் பார்த்தேன். தண்ணீரின் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. திரும்பி வந்தேன்.

"இல்லண்ணே."

"நீ பாத்தியா, அந்தப் புள்ள சொல்லிச்சா?"

"நான் பாத்தேன்."

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அப்பம் சரி என்று சொல்லவில்லை. வாசலை நோக்கி நடந்தார், இரண்டு இடத்தில் நின்று.

சந்தித்தவர்கள்: இசக்கிமுத்து.